அவங்க நம்மளா நடிச்சா விருது, நாம அவங்களா நடிச்சா கல்லு



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிற தங்கை ஒருத்தி, பி.காம். இரண்டாம் ஆண்டு, ஒரு ஆடிஷனுக்குப் போய்வந்தாள். வடசென்னைக் கதை, நாயகி கடலோரக் குப்பத்துப் பெண் என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் வீதி நாடகங்களில் நன்றாக நடிப்பவள். அக்காவின் புது சுடிதாரைப் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறிப் போனாள்.

திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. "இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"ரொம்ப நல்லா பேசுறேன்னு சொன்னாங்கக்கா. வூட்ல எப்டி பேசுவியோ அப்டியே பேசுன்னாங்க. கொயாயாண்ட சண்டை போட்டுக் காட்டுன்னாங்க. அரை மணி நேரம் போன்ல ரெக்கார்டு பண்ணிக்கினாங்க."

"அப்புறம்?"

"ஹீரோயினு பாம்பேலர்ந்து வர்றாங்களாம். அவங்களுக்கு டப்பிங் பேசுறவங்க கேட்டுக்கத்தான் இதுவாம். என்னை கூட்டத்துல நிக்கச் சொன்னாங்க."

"துட்டு எதுனா குடுத்தாங்களா?"

"மெட்ரோ காசுகூட இல்லக்கா."

கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "நான் நானா நடிக்கவே நான் செட்டாவ மாட்டேனா?"

அந்தக் கம்பெனி எது என்பது முக்கியமில்லை. நாளைக்கு இன்னொரு அலுவலகத்துக்குப் போனாலும் இதேதான் நடக்கும். அவளுடைய பேச்சு அவர்களுக்கு வேண்டும், அவளுடைய கோபம் வேண்டும், குழாயடியில் அவள் கையை ஓங்கும் விதம்கூட வேண்டும். அவள் மட்டும் வேண்டாம். எம்.ஏ. சமூகவியலில் 'பிரதிநிதித்துவம்' என்ற சொல்லை நூறு தடவையாவது தேர்வுத்தாளில் எழுதியிருப்பேன். அதற்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குத் தந்ததில்லை.

அன்றிரவு அவளுக்குப் பி.கே. ரோசியின் கதையைச் சொன்னேன். உங்களில் பலருக்கு ரோசியைத் தெரியும். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது, நாமும் ஸ்டேட்டஸ் வைத்தோம், மறுநாள் எடுத்துவிட்டோம். ஆனால் அவருக்கு நடந்தது என்ன என்பதை உன்னிப்பாகப் பார்த்தோமா?

ராஜம்மா என்ற பெயரோடு திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் ரோசி. புல் அறுத்துப் பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில், ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த மேடையில், பெண்ணாக ஏறி ஆடிப் பாடிப் பெயர் வாங்கியவர். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றிய கட்டுரைகளில் பாதி, யாரோ ஒரு கூலிப்பெண்ணைக் கேமரா முன்னால் இழுத்துவந்து நிறுத்தியதுபோலத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இல்லை. சினிமாவுக்கு வரும்போதே அவர் தொழில் தெரிந்த நடிகை.

ஜே.சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்தபோது நாயகிக்கு முதலில் பம்பாயிலிருந்துதான் ஆள் பார்த்தார். அது சரிவராமல் போகவே ரோசியிடம் வந்தார். (பம்பாயிலிருந்து நாயகி! இந்தப் பழக்கத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது.) ரோசிக்குக் கொடுத்த வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு இருக்கிறது. ரோசியோடு ஒரே கூடத்தில் உட்கார ஊர்ப் பெரியவர்கள் மறுத்தார்கள். தன் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க அந்த நாயகிக்கு அனுமதி இல்லை. திரையில் ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக வந்ததையும், நாயகன் அவள் தலையில் சூடிய பூவை முத்தமிட்டதையும் பார்த்த சாதி இந்துக்கள் திரையைக் கல்லால் அடித்தார்கள். அதோடு விடவில்லை. அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ரோசி ஒரு லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பினார்.

'தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தார்' என்று பலரும் எழுதுகிறார்கள். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1956இல். 'அங்கே விரட்டினார்கள், நாம் அடைக்கலம் கொடுத்தோம்' என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. நம் மண்ணில் அவர் எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். ஒரு லாரி ஓட்டுநரை மணந்தார். அவர் சாதி வேறு. ராஜம்மாள் என்ற பெயரில், தான் யார் என்பதையும் தான் நடித்ததையும் வெளியே பேசாமல் வாழ்ந்து மறைந்தார் என்று பிற்காலத்தில் அவரைத் தேடிப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். திரையில் சில நிமிடங்கள் மேல்சாதிப் பெண்ணாக நடித்ததற்காக வீட்டைக் கொளுத்தினார்கள். பிறகு உயிரோடு இருப்பதற்காக அதே வேடத்தை அவர் ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கேமராவும் இல்லை, கூலியும் இல்லை.

அது ஊமைப்படம், ஆகவே அவர் குரல் நம்மிடம் இல்லை. படத்தின் பிரதி அழிந்துவிட்டது, ஆகவே அவர் அசைவும் இல்லை. அவருடையது என்று சொல்லிச் சுற்றிவரும் ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது, அதுவும் அவர்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது, அது அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த திரைப்பட விருது. டேனியலும் வறுமையில் செத்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ரோசி பெயரில் மலையாள சினிமாப் பெண்கள் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்க 2019 ஆக வேண்டியிருந்தது. இங்கே நீலம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

அடுத்த வாரம் வகுப்பில் ப்ரொஜெக்டரில் இன்னொரு ஊமைப்படத்திலிருந்து பத்து நிமிடம் போட்டோம். 1929இல் லண்டனில் எடுத்த 'பிக்காடில்லி'. ஒரு பெண் மேஜைமேல் ஆடுகிறாள். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. "யாருக்கா இது, செமயா கீறாங்க" என்றான் ஒரு தம்பி. அன்னா மே வாங். லாஸ் ஏஞ்சல்ஸில் 1905இல் சலவைக்கடைக்காரர் வீட்டில் பிறந்த சீன அமெரிக்கப் பெண். நம்ம வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகளுக்கு அந்தச் 'சலவைக்கடை' உடனே புரிந்துவிட்டது.

பதினேழு வயதில் 1922இல் வண்ணப்படத்தில் நாயகி. ஆனாலும் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்ததெல்லாம் அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி, கடைசியில் செத்துப்போகிறவள். வெள்ளைக்கார நாயகனைத் திரையில் முத்தமிடக்கூடாது என்று விதியே இருந்தது. ரோசியின் தலைப்பூ நினைவுக்கு வருகிறதா? 1928இல் ஐரோப்பாவுக்குப் போனார். லண்டன் மேடையில் நடித்தபோது அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். சீனத்துப் பொம்மை வாயைத் திறந்தால் அமெரிக்கத் தெருப்பெண் பேசுகிறதே என்று அவர்களுக்கு ஆத்திரம். கைக்காசைச் செலவழித்து ஆசிரியர் வைத்து உச்சரிப்பை மாற்றிக்கொண்டார். ஜெர்மன் கற்று ஜெர்மனில் நடித்தார். மேடை, திரை, பிறகு தொலைக்காட்சி என்று எல்லாம் செய்தார்.

1937இல் 'தி குட் எர்த்' வந்தது. சீன விவசாயக் குடும்பத்தின் கதை. நாயகி ஓ-லான் வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அன்று ஹாலிவுட்டில் இல்லை. ஆனால் நாயகனாகப் பால் முனி என்ற வெள்ளையரை முடிவுசெய்துவிட்டார்கள். வெள்ளையருக்கு மனைவியாகச் சீனப்பெண் நடிக்கக்கூடாது. ஆகவே லூயிஸ் ரெய்னர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணிக்கு மேக்கப் போட்டுச் சீனப்பெண்ணாக்கினார்கள். வாங்குக்கு வேண்டுமானால் குடும்பத்தைக் கெடுக்க வரும் இரண்டாம் மனைவி வேடம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். ரெய்னருக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது.

ரெய்னர் மோசமான நடிகை இல்லை, என் சண்டை அவரோடு இல்லை. இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் கீழே இருக்கிற பெண் மேலே இருக்கிறவளாக நடித்தாள், கல் விழுந்தது. ஹாலிவுட்டில் மேலே இருக்கிற பெண் கீழே இருக்கிறவளாக நடித்தாள், தங்கச்சிலை கிடைத்தது.

'நடிப்பு என்றாலே வேறொருவராக மாறுவதுதானே? யாரும் யாராகவும் நடிக்கலாமே?' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அது இரண்டு பக்கமும் ஓட வேண்டும். மயிலாப்பூர் மாமியாக எண்ணூர்ப் பெண்ணைப் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் கோடீஸ்வரன் மகளாகக் கத்திவாக்கத்துப் பெண்ணைப் போடுங்கள். அன்றைக்கு 'யாரும் யாராகவும் நடிக்கலாம்' என்ற வசனத்தை நானும் கைதட்டி ரசிக்கிறேன். இன்றைக்கு அந்த வழி ஒருவழிப்பாதை. அவர்களுக்கு எங்கள் வேடம் கிடைக்கும். எங்களுக்கு எங்கள் வேடமே கிடைக்காது.

தமிழ் சினிமாவுக்கு வருவோம். மெட்ராஸ் பாஷையைத் திரையில் பேசிக் கைதட்டல் வாங்கியவர்களைப் பாருங்கள். 1958இல் 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்த சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். 1968இல் 'பொம்மலாட்ட'த்தில் அந்தப் பாஷையிலேயே பாட்டுப் பாடி ஆடிய மனோரமா மன்னார்குடியில் பிறந்தவர். இருவரும் மேதைகள். அவர்களுக்குப் பிறகு எத்தனையோ பேர், 'இன்னா நைனா' என்று ஒரு வரி பேசினால் தியேட்டர் சிரிக்கும். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் உட்கார்ந்து நாங்களும் சிரித்தோம். எங்கள் வீட்டுப் பேச்சை வைத்து எங்களையே சிரிக்கவைத்து எங்களிடமே டிக்கெட் காசும் வாங்கிய தொழில் அது. அந்தத் தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை யாரும் மூடவில்லை.

சிரிப்புப் படம் போய் சீரியஸ் படம் வந்தது. எங்கள் துயரத்துக்குச் சந்தை வந்தது. அதோடு கரியும் வந்தது. 2013இல் 'பரதேசி'யில் அங்கம்மாவாக நடித்த வேதிகாவின் முகத்தைப் பாருங்கள், எத்தனை கோட்டு மேக்கப் என்று நீங்களே சொல்லுங்கள். 2021இல் 'ஜெய்பீம்' வந்தது. அது எவ்வளவு முக்கியமான படம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் வகுப்பிலேயே மூன்று முறை போட்டிருக்கிறோம். செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸ் இருளர் மக்களோடு இருந்து பழகி, உயிரைக் கொடுத்து நடித்தார். பிலிம்பேர் விருதும் வாங்கினார். ஆனால் அவர் தோலைக் கருப்பாக்கித்தான் செங்கேணியாக்கினார்கள். கருப்பான பெண்களே இல்லாத மாநிலமா இது? இருளர் பெண்கள் அந்தப் படத்தில் எங்கே இருந்தார்கள்? கூட்டத்தில்.

நம் ஆட்களிடமும் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 'மெட்ராஸ்' (2014) எங்கள் ஹவுசிங் போர்டு சுவரை, கால்பந்தை, எங்கள் பையன்களின் அரசியலைத் திரைக்குக் கொண்டுவந்தது. நாயகி கலையரசியாக வந்தவர் துபாயில் பிறந்து வளர்ந்த கேத்தரின் தெரசா. 'சார்பட்டா பரம்பரை' (2021) எங்கள் குத்துச்சண்டை வரலாற்றையே எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. மாரியம்மாவாக வந்த துஷாரா விஜயன் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர், அற்புதமாக நடித்தார். அவர்கள் வரக்கூடாது என்று சொல்லவில்லை. இத்தனை வடசென்னைப் படங்களில் ஒன்றிலாவது, ராயபுரத்திலோ எர்ணாவூரிலோ பிறந்து வளர்ந்த பெண் நாயகியாக வந்திருக்கிறாளா என்று கேட்கிறேன். எனக்கு ஒரு பெயரும் ஞாபகம் வரவில்லை. எங்கள் பையன்களாவது அடியாளாகவும் நண்பனாகவும் வசனம் பேசினார்கள். எங்கள் பெண்கள் குழாயடியிலும் சாவுவீட்டிலும் நின்றார்கள்.

'வடசென்னை'யில் பத்மாவாக வந்த ஐஸ்வர்யா ராஜேஷைச் சொல்வீர்கள். ஹவுசிங் போர்டில் வளர்ந்ததையும், நிறத்தைச் சொல்லி நாயகிக்கு லாயக்கில்லை என்று தன்னைத் தட்டிக்கழித்ததையும் அவரே மேடையில் பேசியிருக்கிறார். எல்லாக் கதவையும் உடைத்து வந்த ஒருவரைக் காட்டி 'கதவு திறந்துதான் இருக்கிறது' என்று சொல்லாதீர்கள்.

இனி குரல். இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. முகத்துக்காவது 'மார்க்கெட்', 'போஸ்டர்', 'வட இந்திய வியாபாரம்' என்று ஏதோ சாக்குச் சொல்கிறார்கள். டப்பிங்கில் முகமே தெரியாதே? இருட்டறையில் மைக் முன்னால் நிற்பவர் என்ன நிறமாக இருந்தால் என்ன? அமெரிக்காவில் 1998இல் 'முலான்' கார்ட்டூன் படம் எடுத்தபோது அந்தச் சீனப்பெண்ணுக்குப் பேசும் குரல் கொடுத்தவர் மிங்-நா வென். மக்காவுவில் பிறந்த சீன அமெரிக்கர், ஏற்கெனவே 1993இல் 'தி ஜாய் லக் கிளப்'பில் நடித்தவர், பிராட்வே மேடையிலும் நடித்தவர். வரைந்த படத்துக்கு யார் குரல் கொடுத்தாலும் ஓடியிருக்கும். ஆனாலும் தேடிப் பிடித்தார்கள். நல்ல மனசு வந்துவிட்டதாலா? இல்லை. 'தி குட் எர்த்'துக்குப் பிறகு அறுபத்தோரு வருடம் அங்கே ஆசிய நடிகர்கள் ஓயாமல் சண்டை போட்டிருந்தார்கள். இங்கே குப்பத்துப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கக் குப்பத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் பேசவைத்து, போனில் பதிவுசெய்து, அதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். டப்பிங் பேச சங்க அட்டை வேண்டும், அட்டைக்குப் பணம் வேண்டும், உள்ளே விட ஆள் வேண்டும். எங்களிடம் குரல் மட்டும்தான் இருக்கிறது. அதையும் இலவசமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

குரல் என்றதும் இசைவாணியைப் பேசாமல் முடியாது. எங்கள் ராயபுரத்துப் பெண். கானா என்றால் ஆம்பளைங்க சமாச்சாரம் என்றிருந்த இடத்தில் மைக் பிடித்தவர். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது அந்தக் குழுவில் ஒரே பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். உலகமே கேட்ட குரல். சரி, சினிமா அவரை எப்படிப் பயன்படுத்தியது? எத்தனை நாயகிகளுக்குப் பாடவைத்தது? எத்தனை பேருக்குப் பேசவைத்தது?

நூறு வருடத்தில் என்ன மாறியது என்று கேட்கிறவர்கள் 2024 நவம்பரைப் பாருங்கள். பெண்கள் கோயிலுக்குள் வந்தால் என்ன தப்பு என்று கேட்கும் ஒரு பாட்டை அவர் பாடி ஆறு வருடமாகியிருந்தது. அதைத் தோண்டியெடுத்து அவர்மேல் ஏவினார்கள். ஆபாச வசை, கொலை மிரட்டல், கைதுசெய் என்ற கூச்சல். பாட்டை எழுதிய, இசையமைத்த ஆண்களைவிடப் பாடிய பெண்மேல்தான் முழுக் காறித்துப்பலும் விழுந்தது. அப்போது கல்லெடுக்கத் தியேட்டர் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது போன் போதும்.

அன்னா மே வாங் 1961இல் இறந்தார். 2022இல் அவர் முகத்தை அமெரிக்க நாணயத்தில் அச்சடித்தார்கள். ரோசிக்குக் கூகுள் படம் போட்டது. செத்த பிறகு நாணயம், செத்த பிறகு டூடுல். உயிரோடு இருக்கும்போது சம்பளம் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஆகவே நம்மைப் பற்றி அடுத்த படம் வரும்போது, கதை சரியா, வசனத்தில் அம்பேத்கர் படம் தெரிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். நாயகி எங்கிருந்து வந்தார், குரல் யாருடையது, 'மொழி ஆலோசனை' என்று யாருக்காவது பெயரும் கூலியும் போட்டார்களா, கூட்டத்தில் நின்றவர்களுக்கு அன்றைய பேட்டா கிடைத்ததா என்று கேளுங்கள். இயக்குநர் நம் தோழராக இருந்தால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள். ஆடிஷனுக்குப் போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பேசிக் காட்டுங்கள், ஆனால் எதற்கு, யாருக்கு என்று எழுதி வாங்காமல் போனில் பதிவுசெய்ய விடாதீர்கள். ரெஃபரன்ஸ் என்றால் அதுவும் வேலை. வேலைக்குக் காசு.

அந்தத் தங்கை கூட்டத்தில் நிற்கப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் நாங்கள் அஞ்சாறு பேர் அங்கேயே உட்கார்ந்து, ஏதாவது ஒரு படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, நாங்களே பேசிப் பதிவுசெய்கிறோம். போன வாரம் கோடீஸ்வரி மாமியாருக்கு அவள்தான் குரல் கொடுத்தாள். சுத்த மெட்ராஸ் பாஷையில். மாமியார் வேலைக்காரியைத் திட்டும் காட்சி அது. அவள் வேலைக்காரிக்கும் சேர்த்து இரண்டு வரி கூடுதலாகப் பேசிவிட்டாள். மைக் ஒன்று குறைகிறது, யாரிடமாவது பழையது இருந்தால் கொண்டுவாருங்கள்.